வலிய நாமளே ஆஃப் பண்ண முடியாதா?

கிருஷ்ணகிரிக்காரன்: தோப்புல பெங்களூரா மாங்கா பறிக்கறப்ப காம்புப் பால் தெறிச்சு கன்னமெல்லாம் எரியுது. சரி பால்தான் பட்டுச்சு, தெரிஞ்சுபோச்சு, போதும் நிறுத்துன்னா நிக்கணும்ல? கைய தூக்குன்னா தூக்குது, இத மட்டும் ஏன் கேக்க மாட்டேங்குது?

பாலக்கோடு பையன்: மொதல்ல தண்ணி ஊத்தி கழுவுணா, அப்புறம் ஆராய்ச்சி பண்ணு 😄

ஃபிசியோ அக்கா: கைய தூக்கறது மூளை கீழ அனுப்பற ஆர்டர் தம்பி, வலி தோல் நரம்புல இருந்து தண்டுவடம் வழியா மேல வர்ற தகவல். தோசைக்கல்லுல கை பட்டா தண்டுவடமே கைய இழுத்துடும், வலி தெரியறதே அப்புறந்தான். ஆஃப் பண்ண முடிஞ்சா எவன் காயத்த கவனிப்பான்? ஒரு ஜீன் கோளாறுல பிறவியிலேயே வலி தெரியாதவங்க இருக்காங்க, நாக்க கடிச்சுக்கறது, எலும்பு முறிஞ்சும் நடக்கறதுன்னு பெரிய கஷ்டம் அது.

ஓசூர் வாசி: சுத்தமா கன்ட்ரோல் இல்லன்னும் சொல்ல முடியாது. 1965ல மெல்சாக், வால்னு ரெண்டு விஞ்ஞானிங்க சொன்னாங்க, தண்டுவடத்துல ஒரு கேட் மாதிரி இருக்கு, இடிச்ச இடத்த தேய்ச்சா அந்தத் தொடு உணர்ச்சி வலிய கொஞ்சம் தடுக்கும்னு. மூளையும் மேல இருந்து குறைக்கும், அதான் கபடி ஆடறப்ப அடிபட்டது ஆட்டம் முடிஞ்சப்புறம் வலிக்குது.

கிருஷ்ணகிரிக்காரன்: அப்ப கன்னத்த தேய்க்கட்டா?

ஃபிசியோ அக்கா: ஐயோ வேணாம், பால் இன்னும் பரவும். சோப்பு போட்டு கழுவு, கண்ணுல பட்டிருந்தா உடனே ஆஸ்பத்திரி போ.