பயம் பிடித்தவன் பாடத்தான் வேண்டுமா?

கடலோரம்:
எங்கள் சபையில் இந்த மாதம் முழுக்க ஒரே தலைப்பு: 'எந்தச் சூழ்நிலையிலும் துதி'. போன ஞாயிறு பாஸ்டர் யூதாவின் ராஜா யோசபாத்தை எடுத்துப் பேசினார். மோவாபியரும் அம்மோனியரும் திரண்டு வந்தபோது ராஜா படைக்கு முன்னால் பாடகரை நிறுத்தினான். அவர்கள் பாடத் தொடங்கியதும் எதிரிகள் தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொண்டு விழுந்தார்கள் (2 நாளாகமம் 20). வேலை நிலைக்குமா, போர் வருமா என்று எல்லாரும் கலங்கிப்போயிருக்கிற நேரத்தில் நமக்கு வேண்டியது இதுதான். பயத்தைப் பேசப் பேச அது வளரும், துதித்தால் ஓடும். ஆனால் ஆராதனைக்கு நடுவில் ஒரு அக்கா "எனக்கு இப்போது பாட வரவில்லை" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அது விசுவாசக் குறைவு இல்லையா?

மட்டுநகரான்:
தம்பி, அந்த அக்காவை விட்டுவிடுங்கள். அதே அதிகாரத்தின் 3ஆம் வசனத்தை உங்கள் பாஸ்டர் வாசித்தாரா? "யோசபாத் பயந்து" என்றுதான் அது தொடங்குகிறது. 12ஆம் வசனத்தில் ராஜா ஜனங்களின் முன்னால் நின்று, "நாங்கள் செய்யவேண்டியது இன்னதென்று எங்களுக்குத் தெரியவில்லை" என்று கடவுளிடம் சொல்கிறான். ஊரே கூடி உபவாசம் இருந்தது. பாடகர் வந்ததெல்லாம் அதற்குப் பிறகு.

நான் மட்டக்களப்பு. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு, சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பலர் செத்தார்கள். அன்றே கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலிலும் குண்டு. அந்த வாரம் செத்த வீடுகளுக்கு வந்து "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்று சொன்னவர்களும் உண்டு. வசனம் சரிதான். சொன்ன நேரம்?

கடலோரம்:
அண்ணா, உங்கள் ஊர் துயரத்தோடு நான் வாதாட முடியாது. ஆனால் ஒன்று. அடுத்த ஞாயிறு பொதுத் திருப்பலி எங்கும் கிடையாது, கொழும்புப் பேராயர் மல்கம் ரஞ்சித் ஆண்டகை ஒப்புக்கொடுத்த பூசையை ஜனங்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். கோயில் வாசல் அடைத்திருந்தபோதும் வீட்டுக்குள் துதி நிற்கவில்லை அல்லவா? நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். உணர்ச்சி வரட்டும் என்று காத்திருந்தால் ஒருநாளும் பாட மாட்டோம்.

யோபுவின்தோழன்:
பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவின் தோழர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்லவர்கள்தான். பேச ஆரம்பித்த பிறகுதான் கெட்டுப்போனார்கள்.

கடலோரம், "இஸ்ரவேலின் துதிகளுக்குள் வாசமாயிருக்கிற தேவரீரே" என்று உங்கள் சபையில் வாரம் தவறாமல் சொல்வீர்கள், பந்தயம் கட்டலாம். அது 22ஆம் சங்கீதம், 3ஆம் வசனம். இரண்டு வசனம் மேலே போங்கள்: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" மேலே இருக்கிறதை விட்டுவிட்டுக் கீழே இருக்கிறதை மட்டும் ஸ்பீக்கரில் போடுகிறோம். 88ஆம் சங்கீதத்தில் கடைசி வரி வரை இருட்டுதான். ஒரு 'ஆனாலும்' கூடக் கிடையாது. அதையும் கோராகின் புத்திரர் (ஆலயப் பாடகர்) பாட்டு என்றே தலைப்புப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இரவுப்பணி:
நான் நர்ஸ். 2021 மே மாதம் வார்டில் இருந்தேன். ஆக்சிஜன் ஏறுமா இறங்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்குப் பாட்டும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மனப்பாடமாக இருந்த 23ஆம் சங்கீதம் மட்டும் தானாக ஓடியது. சின்ன வயதில் அம்மா அடித்துப் படிக்க வைத்தது. அந்த விஷயத்தில் கடலோரம் சொல்வது சரி. நல்ல நாளில் பாடிப் பழகாவிட்டால் கெட்ட நாளில் கையில் ஒன்றும் இருக்காது. அதற்காக "பயப்பட்டாயே, பாவம்" என்று என்னிடம் யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் கையிலிருந்த டிரேயை வீசியிருப்பேன்.

பழையஏடு:
வரலாற்றிலிருந்து ஒருவர்: மார்ட்டின் ரிங்கார்ட். ஜெர்மனியின் ஐலன்பர்க் ஊரில் லூத்தரன் போதகர். முப்பதாண்டுப் போர் நடந்த காலம். 1637இல் கொள்ளைநோய் வந்தது. மற்ற போதகர்கள் செத்தும் ஓடியும் போக, 4,000க்கும் மேற்பட்டோரை இவர் அடக்கம் செய்தார். அவர்களில் ஒருவர் இவருடைய மனைவி. உலகம் முழுக்கப் பாடப்படும் ஒரு நன்றிப் பாட்டை எழுதியவரும் இவரே.

பிரசங்கத்தில் பிணங்களின் நடுவில் அந்தப் பாட்டை எழுதியதாகச் சொல்வார்கள். அது கொள்ளைநோய்க்கு முந்தியது, சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் சொல்லும் நன்றியாக எழுதியது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. எனக்கு அந்தக் கதையைவிட இது பிடித்திருக்கிறது. பஞ்சத்தில் ஊருக்கு ரொட்டியும் துணியும் வாங்கத் தன் வருங்கால வருமானத்தையே அடகு வைத்தவர் அவர். அப்புறம் சுவீடன் படை 30,000 தாலர் (அக்கால வெள்ளி நாணயம்) கப்பம் கேட்டபோது, குறைக்கச் சொல்லி நேரே போய்க் கெஞ்சினார். முடியாது என்றார்கள். பிறகுதான் ஜனத்தைக் கூட்டி முழங்கால் போட்டார். கப்பமும் வெகுவாகக் குறைந்தது.

கடலோரம்:
பார்த்தீர்களா, கடைசியில் ஜெபம்தான் ஜெயித்தது.

மட்டுநகரான்:
முதலில் அவர் போய்க் கேட்டார் என்பதைத் தாண்டிப் போகாதீர்கள் தம்பி. நான் பிடித்துத் தொங்குவது அதில்தான். நடுராத்திரியில் பவுலும் சீலாவும் சிறையில் பாடியதை எல்லாச் சபையும் சொல்கிறது. பொழுது விடிந்ததும் நடந்ததை யார் சொல்கிறார்கள்? அதிகாரிகள் சத்தமில்லாமல் அனுப்பப் பார்க்கிறார்கள். பவுல் போக மாட்டேன் என்கிறார். விசாரிக்காமல் ரோமரை அடித்தீர்கள், "அவர்களே வந்து, எங்களை வெளியே அழைத்து விடட்டும்" (அப்போஸ்தலர் 16:37).

எங்கள் நாட்டிலும் அப்படி ஒன்று நடந்தது. முன்கூட்டியே உளவுத் தகவல் வந்தும் தாக்குதலைத் தடுக்கவில்லை என்று வழக்குப் போட்டார்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதியையே 10 கோடி ரூபாய் நஷ்டஈடு கட்டச் சொன்னது. துதிக்கிறவர்கள் நீதிமன்றம் ஏறக் கூடாது, ஏன் என்று கேட்கக் கூடாது என்றால், அந்தத் துதி அதிகாரத்தில் இருப்பவனுக்குத்தான் வசதி.

கடலோரம்:
வழக்குப் போட வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? போடுங்கள். ஆனால் வரிசையைப் பாருங்கள் அண்ணா: பாட்டு ராத்திரி, வழக்கு காலை. முதுகில் ரத்தம் காயும் முன்னாலேயே பாடினார்கள்.

யோபுவின்தோழன்:
வரிசை பார்த்தால், இயேசு பிடிபட்ட கெத்செமனே தோட்டத்தில் மாட்டுவீர்கள். பஸ்கா முடிந்து ஸ்தோத்திரப்பாட்டைப் பாடிவிட்டுத்தான் ஆண்டவர் ஒலிவமலைக்குப் போனார் (மத்தேயு 26:30). எட்டு வசனம் கழித்து, "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்கிறார். பாடினதால் கலக்கம் ஓடிவிடவில்லை.

கடலோரம்:
அது ஆண்டவர்.

இரவுப்பணி:
ஆண்டவருக்கே ஓடவில்லை, உங்கள் சபைக்கு மட்டும் ஓட வேண்டுமா?

கடலோரம்:
சரி, பயம் ஓடும் என்று சொன்னதைத் தள்ளி வைக்கிறேன். ஆனாலும் துதிதான் முதலில் என்பதில் மாற்றமில்லை. 88ஐ ஞாயிறு ஆராதனையில் வாசிக்கலாமா என்று பாஸ்டரிடம் கேட்டுப் பார்க்கிறேன். வாசித்துவிட்டு அடுத்து எந்தப் பாட்டைப் போடுவது, அதையும் சொல்லுங்கள்.

மட்டுநகரான்:
ஒன்றும் போட வேண்டாம். கீபோர்டுக்காரத் தம்பியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.