மடையில் அமர்ந்தவரும் நீட்டிய கையும்: நம் குமரி மாவட்டத்து அனுபவங்கள் சில

தோவாளைக்காரன்:

கும்பப்பூ என்னும் இரண்டாம் போக நெல் பால் பிடிக்கும் நேரத்தில் முறைத் தண்ணீருக்குக் காத்திருந்தவர்களுக்கு அந்த நாள்களின் பதற்றத்தை நான் விளக்க வேண்டியதில்லை. அன்றைய இரவு முறை எங்களுடையது அன்று; கடைமடையில் பயிர் செய்யும் ஒரு பெரியவருடையது. அது நன்றாகத் தெரிந்திருந்தும், பேச்சிப்பாறை அணையில் எப்போது அடைத்துவிடுவார்களோ என்ற அச்சத்தில், வாய்க்காலை மறித்து எங்கள் வயலுக்குத் திருப்ப நானும் என் மைத்துனரும் மண்வெட்டியோடு சென்றோம். அந்தப் பெரியவர் எங்களுக்கு முன்பே அங்கு நின்றிருந்தார். வாய்ச்சண்டை முற்றியது, நான் மண்வெட்டியை ஓங்கிவிட்டேன். அவர் பின்வாங்கவும் இல்லை, எதிர்த்துக் கை நீட்டவும் இல்லை. நாங்கள் மறிக்க இருந்த இடத்திலேயே வேட்டியோடு தண்ணீருக்குள் அமர்ந்துவிட்டார். நீர் அவருடைய நெஞ்சில் முட்டி இரண்டாகப் பிரிந்து ஓடியதை டார்ச் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு நின்றேன். "அடைக்கதா இருந்தா என்னையும் சேத்து அடைச்சிரு தம்பி" என்றார்.

நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அன்று என் கையைத் தாழ்த்தியது எது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

குளச்சல் கரை:

1982 கலவரத்தைப் பற்றி இங்கு யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைவிழா நாள்களில் தொடங்கிய பகை கடற்கரைக் கிறிஸ்தவர்களுக்கும், உள்ளூர் என்று நாங்கள் சொல்லும் உள்பக்க ஊர்களின் இந்துக்களுக்கும் இடையே பெரும் பிளவாக மாறியது. எனக்கு அப்போது ஒன்பது வயது. என் தாயார் தலையில் ஓலைக் கூடையான கடவத்தோடு உள்ளூர்த் தெருக்களுக்கு நடந்து சென்று மீன் விற்றவர். குன்றக்குடி மடத்தின் தலைவராக இருந்த அடிகளார் வந்து இரு பக்கத்தாரிடமும் பேசினார் என்று பெரியவர்கள் மரியாதையோடு நினைவுகூர்வார்கள்; ஆனால், வாரக்கணக்கில் வியாபாரம் நின்றுபோன ஒரு வீட்டுக்கு அமைதி எப்படித் திரும்பி வந்தது என்பதை நான் வேறு விதமாகத்தான் பார்த்தேன்.

தாயார் மீண்டும் விற்கப் புறப்பட்ட முதல் நாளில் என்னையும் உடன் அழைத்துச் சென்றார். வாடிக்கையான வீட்டின் நடையில் அந்த அம்மா நின்றிருந்தார். அழைக்கவில்லை, கதவையும் சாத்தவில்லை. தாயாரும் கடவத்தை இறக்காமல், கூவாமல் நின்றார். எவ்வளவு நேரம் அப்படி நின்றார்களோ தெரியாது. பிறகு அந்த அம்மா உள்ளே சென்று ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். தாயார் குடித்துவிட்டு, "குடி மக்கா" என்று என்னிடம் தந்தார். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். யாரிடமிருந்து அந்த வெறுப்பைக் கற்றேன் என்று எனக்குத் தெரியும். அதை இங்கு எழுத விரும்பவில்லை. அந்த அம்மாவின் முகம் மாறியது மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

வடசேரி வாசி:

முதலில் எழுதிய தோவாளை நண்பரோடு எனக்கு உடன்பாடில்லை. அவர் கையைத் தாழ்த்தியது போலீஸ் வழக்குக்கு அஞ்சியே ஆகும். அதை மனமாற்றம் போல எழுதக்கூடாது. கோழைத்தனமா வன்முறையா என்று இரண்டே வழிகள் இருக்குமானால் வன்முறையையே பரிந்துரைப்பேன் என்று 1920-ல் எழுதியவர் காந்திதான். ஒருமுறை பேருந்து நிலையத்தில், சில்லறைத் தகராறில் நடத்துநரை ஒருவர் அறைந்தபோது நானும் சும்மா நின்றேன். அது அகிம்சை அன்று, அச்சம்.

நான் சொல்ல வருவது வேறு. வரப்பு, வேலி, தண்ணீர் ஆகியவற்றைப் பற்றிய பேச்சை இருட்டிய பிறகு எடுக்கவே கூடாது. குடித்தவர் ஒருவர் உடன் இருந்தால் பகலிலும் கூடாது. பேசப் போகும்போது இரு வீட்டுப் பெண்களில் ஒருவராவது உடன் இருக்கட்டும். இன்றைய தகராறுக்குள் தாத்தா காலத்து எல்லைக்கல்லை இழுத்து வராதீர்கள். எதிராளி கூறியதை அவர் ஒப்புக்கொள்ளும்படி நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு, அதன் பிறகே உங்கள் நியாயத்தைத் தொடங்குங்கள். பாதிச் சண்டை அங்கேயே தணிந்துவிடும். திருவிழாக் காலங்களில் கொடிக்கம்பம், குருசடி (சிலுவை நட்ட சிறு வழிபாட்டிடம்), ஒலிபெருக்கி பற்றி வாட்ஸ்அப்பில் எது வந்தாலும், அந்த ஊரில் உள்ள ஒருவரிடம் தொலைபேசியில் கேட்காமல் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். இவற்றைக் கடைப்பிடிக்கும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அகஸ்தீஸ்வரத்து ஆசிரியை:

வடசேரி அண்ணாச்சி காந்தியின் வரியில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். அகிம்சை வன்முறையைவிட எல்லையற்ற உயர்வுடையது என்று காந்தி கூறுவதும் அதே கட்டுரையில்தான். மேலும், மடையில் அமர்ந்த பெரியவரைப் பற்றி அண்ணாச்சி ஒரு சொல்லும் எழுதவில்லை. சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926-ல் சத்தியாக்கிரகம் நடந்த மண் இது. அந்தப் பெரியவரும் தமக்குரியதைத்தான் கேட்டார். அடிக்காமல் கேட்டார், விட்டுக்கொடுக்காமலும் கேட்டார்.

என்னுடையது சிறிய நிகழ்ச்சி. ஓர் அக்டோபர் 2 அன்று மாணவர்களைக் கன்னியாகுமரி காந்தி மண்டபத்துக்கு அழைத்துச் சென்றோம். காந்தியின் அஸ்தி வைக்கப்பட்டிருந்த இடத்தில் நண்பகல் வெயில் விழுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, சன்னலோர இருக்கைக்காக ஒரு சிறுவன் மற்றொருவனைக் குத்திவிட்டான். நான் எழுந்து அவனருகே சென்றேன், அவ்வளவுதான். நான் வாய் திறப்பதற்குள் அவன் உள்ளங்கையை விரித்து என் முன் நீட்டிவிட்டான். கண்ணில் பயம்கூட இல்லை. கடைக்காரரிடம் காசை நீட்டுவதுபோல் நீட்டினான். மாணவரை அடிப்பதைத் தடைசெய்யும் சட்டம் 2009-லேயே வந்துவிட்டது. என் மேசையில் பிரம்பு கிடையாது, ஆனால் அடிக்கோல் இருந்தது. அன்று அவனை அடிக்கவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் அந்தக் கையைப் பிடித்தபடி சுசீந்திரம் வரை நின்றுகொண்டே வந்தேன்.

தோவாளைக்காரன்:

வழக்குக்கு அஞ்சியிருக்கலாம் என்று வடசேரி அண்ணாச்சி கூறியதை நான் மறுக்கவில்லை. அந்தப் பெரியவர் இன்னும் இருக்கிறார். காலையில் தேநீர்க்கடைக்குச் சென்றால், பலகையில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து அமர்கிறார். நான் நின்றுகொண்டே குடித்துவிட்டு வந்துவிடுகிறேன்.