புதுப்பிப்பு: வண்டியில் செனான் போட்டபின் இடது முகப்பு விளக்கு மினுக்கி அணைந்த பிரச்சினை தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: முகப்பு விளக்கில் எச்7 ஹாலோஜன் பல்பை எடுத்துவிட்டு 35 வாட் செனான் கிட் (இழை இல்லாமல், வாயுவில் மின்வில் எரியும் பல்ப்) போட்டதும், ஸ்விட்ச் போட்ட வேகத்தில் இடது விளக்கு மினுக்கி அணைந்துவிடும்.

பல்ப், பாலாஸ்ட் (செனான் பல்புக்கு உயர் மின்னழுத்தம் தரும் பெட்டி) இரண்டையும் வலது பக்கத்தோடு மாற்றிப் பார்த்தேன். கோளாறு இடதிலேயே நின்றது. அப்படியானால் வயரிங்தான். எரியத் தொடங்கும் நொடியில் பாலாஸ்ட் நுழைவில் அளந்தால் 9.4 வோல்ட். ஓடும்போது 3 ஆம்பியர் சொச்சம் இழுக்கும் பாலாஸ்ட், தொடக்கத்தில் பல மடங்கு இழுக்கும். மெல்லிய பழைய வயர் தாங்கவில்லை.

நீங்கள் சொன்னதில் வேலை செய்தது ரிலே ஹார்னஸ் யோசனை: பேட்டரியிலிருந்து நேராகத் தனி வயர், அதை இயக்க ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்). பழைய பல்ப் கனெக்டர் ரிலேயை இயக்கும் 85, 86 எண் கால்களுக்கு மட்டும். பேட்டரியிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரி ஓரமாகவே 30 ஆம்பியர் ஃபியூஸ், பிறகு ரிலேயின் 30ஆம் எண் கால். 87இலிருந்து இரு பாலாஸ்ட்டுக்கும். எர்த் போல்ட்டடியில் பெயின்ட்டைச் சுரண்டுங்கள். இப்போது 12.1 வோல்ட், மினுக்கல் இல்லை. கெபாசிட்டர் (மின்னைத் தேக்கி வைக்கும் பாகம்) போடச் சொன்ன யோசனை பலிக்கவில்லை.

எதிர்பாராதது கண்கூச்சம். ஹாலோஜன் ரிஃப்ளெக்டர் இழைக்கென்று வடித்தது. செனான் வில்லொளி அதில் மேலே சிதறுகிறது, எதிரே வருபவர் கண்ணில் குத்துகிறது. விளக்கைத் தாழ்த்தியும் பயனில்லை. புரொஜெக்டர் லென்ஸ் போட்டபின்தான் வெட்டுக்கோடு (ஒளி மேலே போகாமல் முடியும் எல்லை) சுத்தமாக விழுந்தது: 10 மீட்டர் தள்ளிய சுவரில், விளக்கு உயரத்துக்கு 10 செ.மீ. கீழே.