கடுவன் பூனை மணல் தட்டை விட்டு மெத்தையில் சிறுநீர் கழிக்கிறது: நிறுத்துவது எப்படி?

தாம்பரம்வாசி:
வணக்கம். அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டு பூனைகளை வளர்த்து வருகிறோம். இரண்டுமே வெளியே போவதில்லை. மூத்தது கருத்தடை செய்த கடுவன், வயது 4. சென்ற மாதம் வீடு மாறியதிலிருந்து அது மணல் தட்டை ஒதுக்கிவிட்டு, மெத்தையிலும் குளியலறைத் தரையிலும் சிறுநீர் கழிக்கிறது. நேற்று முதல் இது மிகவும் அதிகமாகிவிட்டது. வீடு மாற்றிய கோபத்தைத்தான் இப்படிக் காட்டுகிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். தட்டு ஒன்றுதான், பால்கனியில் துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. உணவு, கடையில் வாங்கும் உலர் தீனி மட்டுமே. நனைந்த இடங்களை ஃபினாயில் விட்டுத் துடைக்கிறோம். இந்தப் பழக்கத்தை எப்படி மாற்றுவது?

மாடிவீட்டுக்காரர்:
மெத்தையின் மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, ஆரஞ்சுத் தோலை ஆங்காங்கே வைத்துப் பாருங்கள். அந்த வாசனை பூனைகளுக்குப் பிடிக்காது. உடல் சூடாகவும் இருக்கலாம். எங்கள் வீட்டில் நீர்க்கடுப்புக்கு வாழைத்தண்டுச் சாறுதான் குடிப்போம். அதையே தண்ணீர் கலந்து கொஞ்சம் புகட்டலாம்.

நாலுபூனைக்காரி:
பழக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் நான்கு செய்திகள் தெரிய வேண்டும். ஒவ்வொரு முறையும் எவ்வளவு சிறுநீர் வருகிறது? குட்டையாகத் தேங்குகிறதா, சொட்டுச் சொட்டாக நிற்கிறதா? உட்கார்ந்து முக்குகிறதா, அப்போது கத்துகிறதா? பின்பகுதியை ஓயாமல் நக்குகிறதா? கடைசியாக நன்றாகச் சாப்பிட்டது எப்போது? தட்டின் இடம் பிடிக்காத பூனை வேறிடத்தில் போனாலும் வழக்கமான அளவுதான் போகும். எல்லை குறிக்கும் கடுவன் நின்றபடியே வாலைத் தூக்கிச் சுவரில் பீய்ச்சும். நீங்கள் சொல்வது இந்த இரண்டிலும் சேராதோ என்று ஐயப்படுகிறேன். பதில் தெரியும்வரை சாறு எதுவும் கொடுக்க வேண்டாம்.

தாம்பரம்வாசி:
நீங்கள் கேட்ட பிறகு கூர்ந்து கவனித்தேன். பல முறை உட்காருகிறது, ஆனால் இன்று காலை முதல் இரண்டு மூன்று சொட்டுக்கு மேல் வரவில்லை. கடைசியாக அதில் இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தது. நக்கிக்கொண்டே இருக்கிறது. காலை உணவைத் தொடவில்லை, ஒரு முறை வாந்தி எடுத்தது. மலச்சிக்கலாக இருக்குமா? நாளை ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை காட்டினால் போதுமா?

கால்நடை உதவியாளர்:
போதாது ஐயா. இப்போதே கிளம்புங்கள். கடுவன் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. சளி போன்ற கசடும் மணல் போன்ற படிகங்களும் சேர்ந்து அதை அடைத்துவிடும். முழுவதும் அடைபட்டால் சிறுநீரகம் வேலை செய்ய முடியாமல் கழிவுகள் இரத்தத்திலேயே தங்கும். பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறும். ஓரிரு நாளில் உயிரே போகக்கூடும். முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று காத்திருந்து பூனையை இழந்தவர்கள் பலர். வாந்தியும் உணவு மறுப்பும் தொடங்கிவிட்டதால் தாமதிக்க நேரமில்லை.

வயிற்றை அமுக்கிச் சிறுநீரை வெளியேற்ற முயல வேண்டாம்; சிறுநீர்ப்பை கிழிந்துவிடும். வாழைத்தண்டுச் சாறும் பார்லித் தண்ணீரும் சிறுநீரைப் பெருக்குவதற்காகக் குடிப்பவை. வெளியேறும் வழி அடைபட்டிருக்கையில் அவை பையை மேலும் உப்பச் செய்யும். வலிக்கு மனிதர்களின் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் ஒன்றே பூனையைக் கொன்றுவிடும். மூடியுள்ள கூடையில் துண்டு விரித்து அழைத்துச் செல்லுங்கள். புறப்படும் முன் தொலைபேசியில் “கடுவன், சிறுநீர் அடைப்பு, குழாய் செருகும் வசதி இருக்கிறதா” என்று கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து மருத்துவமனைகளில் வசதி இல்லையென்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள்.

தாம்பரம்வாசி:
அனைவருக்கும் நன்றி. அன்றிரவே மயக்க மருந்து கொடுத்துக் குழாய் செருகினார்கள். சிறுநீர்ப்பை கல் போல இறுகியிருந்ததாம். சில நாள் அங்கேயே வைத்து நரம்பு வழியாக நீரேற்றினார்கள். பரிசோதனையில் ஸ்ட்ரூவைட் என்னும் தாது உப்புப் படிகங்கள் தெரிந்தன. அதற்குரிய உணவை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டது. இது திரும்ப வரக்கூடும் என்றார் மருத்துவர். வீட்டில் எவற்றை மாற்ற வேண்டும்?

நாலுபூனைக்காரி:
கேட்கவே ஆறுதலாக இருக்கிறது. முதலில் தண்ணீர். உலர் தீனியில் ஈரம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். டப்பாவில் வரும் ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். மருத்துவர் எழுதிய உணவு ஈர வகையிலும் கிடைக்குமா என்று கேளுங்கள். உலர் வகைதான் என்றால், வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கொடுக்கலாமா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த உணவோடு வேறு தீனி எதையும் கலக்காதீர்கள். கலந்தால் அதன் பயன் குறைந்துவிடும். மீன் வேகவைத்த நீரைக் கொடுப்பதானாலும் அவர் ஒப்புதலோடுதான் கொடுக்க வேண்டும். அதிலும் உப்பு, வெங்காயம், பூண்டு சேரக் கூடாது, வெங்காயமும் பூண்டும் பூனைக்கு நஞ்சு. தண்ணீரை மீசை இடிக்காத அகலக் கிண்ணங்களில் வீட்டின் பல இடங்களில் வையுங்கள்.

அடுத்தது தட்டு. இரண்டு பூனைகளுக்கு மூன்று தட்டுகள் என்பது பொதுக் கணக்கு. வாடகை வீட்டில் அதற்கு இடம் ஏது என்பீர்கள். இரண்டாவது வைக்கலாமே, ஆனால் முதலாவதன் பக்கத்திலேயே வைத்தால் பூனைக்கு அது ஒரே இடம்தான். துவைக்கும் இயந்திரம் திடீரென அதிரும் மூலையில் எந்தப் பூனையும் நிம்மதியாக உட்காராது. வாசனை சேர்க்காத மணலை வாங்கி, நாள்தோறும் அள்ளிச் சுத்தம் செய்யுங்கள். அள்ளும்போது, சிறுநீர் பட்டு மணல் உறைந்த கட்டிகளின் அளவைப் பாருங்கள். சிறிய கட்டிகள் பலவாகத் தென்பட்டால் மறுபடியும் தொடங்குகிறது என்று பொருள்.

கால்நடை உதவியாளர்:
ஃபினாயிலை நிறுத்திவிடுங்கள். அதில் உள்ள ஃபீனால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரல் எளிதில் முறிக்காது. தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும்போது அவை உடலுக்குள் போகும். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். சிறுநீரோடு சேர்ந்தால் மூச்சைத் தாக்கும் வாயு வரும். ஈரத்தை ஒற்றியெடுத்து, நொதி (என்சைம்) சேர்ந்த துப்புரவுக் கரைசலை ஊற்றி, பாட்டிலில் சொன்ன நேரம் ஊறவிட்டுத் துடையுங்கள். மெத்தைக்கும் அதுவேதான்.

வீடு மாறியதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் அந்த மாற்றம் தரும் பதற்றம் பூனையின் சிறுநீர்ப்பையை அழற்சியடையச் செய்வது உண்மை. ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டியும் ஏறி உட்கார உயரமான இடமும் கொடுத்து, உணவு நேரத்தை மாற்றாமல் வைத்திருங்கள்.

தாம்பரம்வாசி:
இன்னொரு சந்தேகம். இளையது, திரும்பி வந்த கடுவனைக் கண்டால் சீறுகிறது. முன்பு ஒன்றாகவே தூங்கியவை.

நாலுபூனைக்காரி:
அதன்மேல் மருத்துவமனை வாசனை இருக்கிறது; இளையதற்கு அது புதிய பூனை. சில நாள் கடுவனைத் தனி அறையில் வைத்து, இளையது படுத்த துணியைக் கடுவனுக்கும் கடுவன் படுத்ததை இளையதற்கும் மாற்றிப் போடுங்கள். மூடிய கதவின் இருபுறமும் ஒரே நேரத்தில் சாப்பாடு வையுங்கள். சீறுகிறதே என்று அடிக்கவோ வலுக்கட்டாயமாக அருகில் பிடித்து வைக்கவோ வேண்டாம். தனி அறையில் இருக்கும்வரை கடுவன் எவ்வளவு சிறுநீர் கழிக்கிறது என்று கணக்குப் பார்ப்பதும் உங்களுக்கு எளிது.