ஐ3: தமிழுக்கு மாறினால் மொட் கீ வேலை செய்யவில்லை, திரும்பி வரவும் முடியவில்லை

திருமலையான்:
வணக்கம். திருகோணமலை உவர்மலையில் வீட்டு முன்னறையில் சின்னதாக ஒரு ரைப்செட்டிங், போட்டோகொப்பி கடை வைத்திருக்கிறேன். விண்ணப்பம், கடிதம் எல்லாம் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் வரும். கொம்பியூட்டர் பழசு, ரெம் 4 ஜிபிதான். அதனால் டெபியன் லினக்ஸில் ஐ3 என்ற ஜன்னல் நிர்வாகியைப் போட்டேன். இடப்பக்கம் ஸ்கேன் செய்த படிவம், வலப்பக்கம் லிப்ரே ஒஃபிஸ். ஜன்னல்கள் தாமாகவே பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொள்கின்றன. மவுஸைப் பிடித்து இழுத்து மினக்கெடும் வேலையே இல்லை.

பிரச்சினை மொழி மாற்றுவதில்தான். மொட் கீ, அதாவது ஐ3 குறுக்குவழிகளுக்குச் சேர்த்து அழுத்தும் கீ, எனக்கு விண்டோஸ் கீ. ஐ, ஓ, பி மூன்றும் அடுத்தடுத்து இருப்பதால் மொட்+ஐ சிங்களம், மொட்+ஓ தமிழ், மொட்+பி ஆங்கிலம் என்று கொன்ஃபிக் கோப்பில் எழுதினேன். ஒவ்வொன்றும் கீபோர்ட் லேஅவுட்டை மாற்றும் செட்எக்ஸ்கேபிமேப் கட்டளையை அந்தந்த மொழியின் லேஅவுட்டோடு ஓட்டும். தமிழுக்குப் போவது சரியாகப் போகிறது. போன பிறகு மொட்+பி அடித்தால் ஒன்றுமே நடக்காது. மொட்+எஃப், டிமெனு (புரோகிராம் திறக்கும் மெனு), கொன்ஃபிக் ரீலோட் எதுவும் இல்லை. நேற்று ஆள் முன்னால் நிற்கும்போதே பவர் பட்டனை அழுத்தி நிறுத்த வேண்டியதாயிற்று. பாதி அடித்த கடிதமும் போய்விட்டது.

இன்னொன்று: கீழே பாரில் வேர்க்ஸ்பேஸ் பெயரைத் தமிழில் வைத்தால் பெட்டி பெட்டியாகத் தெரிகிறது.

கிண்ணியா_நெட்:
தமிழில் இருக்கும்போது மொட்+என்டர் அடித்தால் டெர்மினல் திறக்கிறதா? அம்புக்குறிக் கீகள்?

திருமலையான்:
ஓம், இரண்டும் வேலை செய்கின்றன! அதுதான் விளங்கவில்லை. டெர்மினல் திறக்கும், ஆனால் அதற்குள் கட்டளை அடிக்கப் போனால் தமிழ் எழுத்துத்தான் விழும்.

கிண்ணியா_நெட்:
அப்படியென்றால் மொட் கீயில் பிழை இல்லை. கொன்ஃபிகில் குறுக்குவழி வரிகளின் தொடக்கத்தில் உள்ள பைண்ட்சிம் என்பதை பைண்ட்கோட் என்று மாற்றி, எழுத்துக்குப் பதிலாகக் கீயின் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். எக்ஸ்ஈவி ஓட்டிக் கீயை அழுத்தினால் எண்ணைக் காட்டும். டிமெனுவுக்கான கீ சாதாரணமாக 40 என்று வரும். லேஅவுட் எதுவானாலும் எண் மாறாது.

பழைய_பெங்குயின்:
அதுவும் வழிதான், ஆனால் நான் செய்ய மாட்டேன். ஆறு மாதம் கழித்துக் கொன்ஃபிகைத் திறந்தால் 40 என்ன, 24 என்ன என்று நமக்கே தெரியாது.

தம்பி, பைண்ட்சிம் வரியில் நீங்கள் எழுதுவது கீயை அல்ல, அந்தக் கீ தரும் எழுத்தை. அந்த எழுத்து முதலாவது லேஅவுட்டில் எந்தக் கீயில் இருக்கிறது என்று ஐ3 தேடி, அந்தக் கீயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நீங்கள் ஒவ்வொரு முறையும் லேஅவுட்டையே தூக்கிவிட்டு வேறொன்றை வைக்கிறீர்கள். அப்போது முதலாவது இடத்தில் தமிழ். ஐ3 மறுபடி தேடும். தமிழ் லேஅவுட்டில் ஆங்கில எழுத்துக்கு எங்கே போவது? என்டரும் அம்புக்குறியும் எல்லா லேஅவுட்டிலும் இருப்பதால் தப்பிவிடுகின்றன.

மூன்றையும் ஒரே தடவையில் ஏற்றுங்கள், ஆங்கிலம் முதலில். குறுக்குவழிகள் முதலாவது லேஅவுட்டை வைத்துப் பிடிக்கப்பட்டு, மற்றவற்றிலும் வேலை செய்யும். போனில் இருப்பதால் தமிழ் எழுத்தில் தருகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் அடியுங்கள்:

செட்எக்ஸ்கேபிமேப் -லேஅவுட் யூஎஸ்,எல்கே,எல்கே -வேரியன்ட் ,தாம்_யூனிகோட், -ஒப்ஷன் ஜிஆர்பி:கேப்ஸ்_டொகிள்

வேரியன்டில் (லேஅவுட்டின் உள்வகை) முன்னும் பின்னும் உள்ள கொமாவை விட்டுவிடாதீர்கள். முன் கொமா ஆங்கிலத்துக்கு, பின் கொமா மூன்றாவதுக்கு. எல்கே என்றால் இலங்கை; தாம்_யூனிகோட் சேர்ந்தால் தமிழ், வேரியன்ட் இல்லாத வெறும் எல்கே என்றால் சிங்களம். இப்படி நான்கு லேஅவுட் வரை ஏற்றலாம். கொன்ஃபிகில் இதை எக்ஸெக்_ஒல்வேஸ் வரியாக (ஐ3 தொடங்கும்போதும் ரீஸ்டார்ட் ஆகும்போதும் ஓடும்) போடுங்கள், பழைய மூன்று வரிகளையும் அழித்துவிடுங்கள். கடைசியில் உள்ள ஒப்ஷனால் கேப்ஸ் லொக் கீ மொழியை மாற்றும். விண்+ஸ்பேஸ் டொகிள் என்றும் ஒன்று இருக்கிறது, உங்களுக்குச் சரிவராது; மொட்+ஸ்பேஸை ஐ3 ஏற்கெனவே வைத்திருக்கிறது.

இனி எப்போதாவது மாட்டிக்கொண்டால் பவர் பட்டனில் கை வைக்க வேண்டாம். டெர்மினலில் செட்எக்ஸ்கேபிமேப் யூஎஸ் என்று ஒருதரம் அடித்து, எக்ஸிட் கொடுத்து மூடி வையுங்கள். அப்புறம் மாட்டும்போது மொட்+என்டர், மேல் அம்புக்குறி, அந்தக் கட்டளை வந்ததும் என்டர். ஓர் எழுத்துக்கூட அடிக்கத் தேவையில்லை.

பார் பெட்டிகள்: கொன்ஃபிகில் உள்ள ஃபொன்ட் வரி எங்கிருந்தாவது பார்த்து எடுத்ததாக, தமிழ் எழுத்து இல்லாததாக இருக்கும். பாங்கோ:நோட்டோ சான்ஸ் தமிழ் 10 என்று மாற்றுங்கள். ஃபொன்ட்ஸ்-நோட்டோ-கோர் பொதி இல்லாவிட்டால் நிறுவுங்கள்.

திருமலையான்:
அண்ணா, பெரிய உபகாரம். தமிழில் இருந்துகொண்டே மொட்+எஃப் அடித்தேன், ஜன்னல் திரை முழுக்க வந்தது! பாரும் சரி. ஒரே ஒரு சிக்கல்: கேப்ஸ் லொக் எனக்கு வேண்டும். படிவங்களில் பெயரைப் பெரிய எழுத்தில்தான் கேட்பார்கள், நாள் முழுக்க அந்தக் கீயில்தான் விரல். கேப்ஸை எடுத்துவிட்டு ஸ்குரோல் லொக்கைப் போட்டுப் பார்த்தேன். இப்போது இரண்டு கீயுமே மொழியை மாற்றுகின்றன.

பழைய_பெங்குயின்:
ஒப்ஷன்கள் ஒன்றன்மேல் ஒன்று சேரும், தானாக அழியாது. முதலில் -ஒப்ஷன் என்று மட்டும் போட்டு, பின்னால் வெறும் மேற்கோள் குறி இரண்டைக் கொடுங்கள். அது பழையதைத் துடைக்கும். அதன் பிறகு ஜிஆர்பி:எஸ்சிஎல்கே_டொகிள். கூடவே ஜிஆர்பி_எல்ஈடி:ஸ்குரோல் சேர்த்தால், ஆங்கிலத்தை விட்டு வெளியே போனதும் ஸ்குரோல் லொக் விளக்கு எரியும். கீபோர்டில் அந்த விளக்கு இருந்தால்தான்!

திருமலையான்:
இருக்கிறது, எரிகிறது. இத்தனை வருடம் அந்த விளக்கு எதற்கு என்றே தெரியாமல் இருந்தேன்.

கிண்ணியா_நெட்:
யூஎஸ்பி கீபோர்டைக் கழற்றிப் பூட்டினால் எல்லாம் பழையபடி ஆங்கிலத்துக்கே போய்விடும், பயப்பட வேண்டாம். மொட்+ஷிஃப்ட்+ஆர் அடித்து ஐ3 ஐ ரீஸ்டார்ட் செய்தால் திரும்ப வரும், ஜன்னல்கள் மூடாது. நிரந்தரமாக வேண்டுமென்றால் ஈடிசி கோப்புறைக்குள் டிஃபோல்ட் கோப்புறையில் கீபோர்ட் என்றொரு கோப்பு இருக்கிறது. அதே லேஅவுட், வேரியன்ட், ஒப்ஷன் மூன்றையும் அதில் எழுதி மெஷினை ஒருதரம் ரீபூட் செய்யுங்கள்.

திருமலையான்:
இரவு கடை பூட்டிய பிறகு செய்கிறேன். இப்போது ஆள் நிற்கிறது.