மேசை விரிப்பில மடிப்பு விழுது, வழி சொல்லுங்கோ

அக்காமார், தங்கச்சிமார், ஓர் உதவி. சாறத் துண்டுகளை ஒண்டோட ஒண்டு பொருத்தித் தைக்கிற ஒட்டுத்தையல் மேசை விரிப்பு, 18க்கு 12 அங்குலம். கோலம் பனையோலைப் பாய்ப் பின்னல் மாதிரி. நிறம் சாம்பலும் வெள்ளையும், ஒரு மூலையில மட்டும் மஞ்சள் கட்டம். பட்டியை 1½ அங்குலம் வெட்டி, ரெண்டு பக்கமும் கால் அங்குலம் பிடிச்சா 1 அங்குலம் நிக்கும். அதுவரை வடிவு.

மேல்துணி, உள்ளுக்கு வைக்கிறது, அடித்துணி எண்டு மூண்டு படையையும் சேர்த்துத் தைக்கேக்கைதான் பிரச்சினை. மெஷினில ஊசிக்குக் கீழ இருக்கிற பல்லு அடித்துணியை இழுக்குது, மேல அமத்துற பாதம் மேல்துணியைப் பிடிச்சு வைக்குது, மடிப்பு விழுது. நடுவில இருந்து வெளியால தைச்சு, 3 அங்குலத்துக்கொரு ஊசி குத்தியும் ஓரத்தில மடிப்பு நிக்குது.

மேல்துணியையும் நகர்த்துற வோக்கிங் ஃபுட், மிதி மெஷினுக்குப் பொருந்துறது, கிளிநொச்சியிலயோ வவுனியாவிலயோ எங்க எடுக்கலாம்? உள்ளுக்குப் பொலியெஸ்ரர் பஞ்சு வேண்டாம், சூடான சட்டி வைச்சா உருகும். பழைய துவாய் வைச்சுத் தைச்சவை, துவைச்ச பிறகு சுருங்கினதோ எண்டும் சொல்லுங்கோ.