மறு: 'டிஃப்ளெக்ஷன் ஷூட்டிங்', 'லீட்' – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

இழை நீண்டுகொண்டே போகிறது. வழக்கம்போல நான் கடைசியில் வந்து சேர்கிறேன். நகரும் இலக்குக்கு முன்னால் குறிவைத்துச் சுடுவது 'டிஃப்ளெக்ஷன் ஷூட்டிங்', எவ்வளவு முன்னால் என்பது 'லீட்'. இந்த இரண்டுக்கும் தம்பி தமிழ்ச் சொல் கேட்டது வான்போர் சிமுலேட்டர் ஆடுகிறவர்களுக்கான சுடும் பயிற்சிக் கையேட்டுக்கு. அகராதியில் அழகாக உட்காருவது மட்டும் போதாது. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கூட்டாளிக்குக் கத்திச் சொல்லவும் சொல் உதவ வேண்டும். அந்தக் கண்ணோடுதான் ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

> இயற்பியலில் டிஃப்ளெக்ஷனுக்கு 'விலக்கம்' ஏற்கெனவே இருக்கிறது. 'விலக்கச் சுடுதல்' என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஐயா, பாடநூலில் காந்த ஊசி விலகுகிறது, எலக்ட்ரான் கற்றை விலகுகிறது. ஏதோ ஒரு விசை அதைத் தள்ளுகிறது. இங்கே குண்டை யாரும் பக்கவாட்டில் தள்ளவில்லை. எதிரி இன்னும் வந்து சேராத வெற்று வானத்தைச் சுடுகிறவன் தெரிந்தே குறிவைக்கிறான். அதோடு, 'குண்டு விலகிப் போச்சு' என்றால் நம்மூரில் யாரும் 'படவில்லை' என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். குறி தவறாமல் சுடும் கலைக்குத் தவறியதைச் சொல்லும் பெயரா? எனக்கு ஒப்பவில்லை.

> லீட் என்பதை 'முன்தூரம்' என்று எழுதிவிட்டேன் அண்ணா. சரியா?

தம்பி, இதில்தான் விஷயமே இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போடுவோம். நீ ஓட்டுவது பிஎஃப் 109 கே-4, இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் போர்விமானம். எதிரே ஒரு பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் விமானம் மணிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே போகிறது. அதாவது நொடிக்கு 111 மீட்டர். உன் 13 மிமீ எம்ஜி 131 துப்பாக்கியின் குண்டு நொடிக்குச் சுமார் 750 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. காற்றுத் தடையையும் உன் விமானத்தின் வேகத்தையும் இப்போதைக்கு விட்டுவிடு. தொலைவு 300 மீட்டர் என்றால் குண்டு போய்ச் சேர 0.4 நொடி. அதற்குள் ஸ்பிட்ஃபயர் 44 மீட்டர் நகர்ந்திருக்கும். அதன் உடல் நீளம் 9 மீட்டர் சொச்சம்தான். ஆக, கிட்டத்தட்ட ஐந்து ஸ்பிட்ஃபயரை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு வருமோ அவ்வளவு முன்னால் சுட வேண்டும். புதிதாக ஆடுகிறவர்கள் மூக்குக்குக் கொஞ்சம் முன்னால் சுட்டுவிட்டு 'சர்வர் லேக்' (இணையத் தாமதம்) என்று புலம்புவது இதனால்தான். (லேக்கும் உண்டு. ஆனால் பாதிப் பழி அதன் தலையில் அநியாயமாக விழுகிறது.)

இப்போது அதே எதிரி 150 மீட்டரில். முன்தூரம் 22 மீட்டராகக் குறைந்துவிட்டது. ஆனால் குறிநோக்கிக் கண்ணாடியில் பார்த்தால்? எதுவும் மாறவில்லை! தூரம் பாதியானதால் முன்தூரமும் பாதி. கண்ணில் விழும் கோணம் இரண்டிலும் அதே 8.5 பாகைதான். 109-இன் ரெவி 16பி குறிநோக்கியில் தெரியும் வளையம் 100 மீட்டரில் 10 மீட்டர் அகலத்தை அடைக்கும். அந்த வளையத்தின் ஆரத்தைப் போல் மூன்று மடங்கு முன்னால் வை, 300 மீட்டரானாலும் 150 மீட்டரானாலும் ஏறத்தாழ சரியாக இருக்கும். அன்றைய விமானிகள் மீட்டரை எண்ணிக்கொண்டிருக்காமல் வளையத்தைக் கொண்டே அளந்தது இதனால்தான். 'தூரம்' என்று பெயர் வைத்தால், படிக்கிற பையன் வாழ்நாள் முழுக்க மீட்டரை எண்ணிக்கொண்டிருப்பான். அந்தச் சொல் வேண்டாம்.

கையேட்டில் கட்டாயம் சேர்க்க வேண்டிய ஒன்று: அதே கே-4-இன் மூக்கில் 30 மிமீ எம்கே 108 பீரங்கி இருக்கிறதல்லவா, அதன் குண்டு நொடிக்கு 540 மீட்டர்தான். அதற்கு மூன்று ஆரம் போதாது, நான்கு வேண்டும். ஒரே விமானம், ஒரே குறிநோக்கி, இரண்டு கணக்கு. சின்னத் துப்பாக்கி எதிரியின் இறக்கையில் பொறி பறக்கவைக்கும்போது பீரங்கிக் குண்டு அவன் வாலுக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கும். அதனால் பீரங்கிக்கு எதிரியின் பின்புறமாக, கோணம் குறைவாக இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேருவதே புத்திசாலித்தனம்.

கோணம் என்றால் எதிரி போகும் திசைக்கும் உன் பார்வைக்கோட்டுக்கும் இடையில் இருப்பது; நேர்குறுக்கே போனால் 90 பாகை. அது குறைந்தால் கணக்கும் குறையும், ஆனால் நேர்விகிதத்தில் அல்ல. 30 பாகையில் பாதி. 45-லும் பாதி என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அங்கே 70 விழுக்காடு வேண்டும். சைன் அட்டவணையை மறந்திருந்தாலும் இந்த இரண்டு எண்களை மறக்கக் கூடாது.

> முந்தல் எண்டு வைச்சா என்ன? சின்னச் சொல், வாயிலயும் நிக்கும்.

அக்கா, முதலில் எனக்கும் இது பிடித்திருந்தது. இலங்கையில் புத்தளம் பக்கம் முந்தல் என்று ஊரே இருக்கிறது என்பதெல்லாம் பெரிய தடையில்லை. தடை வினைச்சொல்லில் வருகிறது. நான் எதிரியின் பின்னால் இருக்கிறேன், நீங்கள் மைக்கில் 'முந்து, முந்து!' என்கிறீர்கள். நான் வேகத்தைக் கூட்டும் த்ரோட்டில் பிடியைத் தள்ளிவிடுவேன். வான்சண்டையில் எதிரியை முந்திக்கொண்டு போவதைவிடப் பெரிய தப்பு இல்லை; அடுத்த நொடி அவன் என் முதுகில் இருப்பான். உண்மையிலேயே முந்திப் போய்விடுவதைச் சொல்லவும் நமக்கு ஒரு சொல் வேண்டும், 'முந்தல்' அதற்குத்தான் பொருந்துகிறது. அங்கே வைத்துக்கொள்வோம்.

என் பரிந்துரை: முன்குறி.

தமிழில் குறியை 'வைக்கிறோம்'. அதை இன்னும் முன்னால் வைத்தால் முன்குறி. ஜெர்மன்காரர்கள் இதையே 'ஃபோர்ஹால்ட்' என்கிறார்கள். முன்னால் பிடிப்பது என்றுதான் அதற்கும் பொருள். ஓடுகிற ஓணானுக்குக் கல்லெறிந்த எவனுக்கும் இதை விளக்கத் தேவையில்லை. 1942-இல் மால்டாவில் பறந்த கனடாக்காரப் போர்விமானி ஜார்ஜ் பர்லிங், பல்லிகளைக் கைத்துப்பாக்கியால் சுட்டுப் பழகினார் என்று சொல்வார்கள். அவரும், வட ஆப்பிரிக்காவில் பறந்த ஜெர்மன் விமானி மார்செய்யும் பெயர் வாங்கியது இந்த முன்குறிச் சுடலில்தான்.

கிறித்தவத் தமிழில் 'முன்குறித்தல்' என்பது இறைவன் முன்கூட்டியே தீர்மானிப்பது. யாராவது இதைக் கிளப்புவார்கள் என்று தெரியும். இருக்கட்டும், எதிரி எங்கே சாக வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானிப்பதும் அவ்வளவு தொலைவில் இல்லை.

வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள். 'முன்குறி பத்தல.' 'முன்குறி ஜாஸ்தி, குறை.' 'அவன் திரும்புறான், முன்குறிய உள்வளைவுல வை.' வார் தண்டர் என்ற கணினி விளையாட்டின் ஆர்கேட் ஆட்டத்தில் எதிரிக்கு முன்னால் தெரியும் அந்த அடையாளம் 'முன்குறிகாட்டி'. 1944-இல் அமெரிக்காவின் பி-51டி விமானங்களுக்கு வந்த கே-14 போன்ற சுழலி (ஜைரோ) குறிநோக்கி, எதிரியின் இறக்கை அகலத்தை முன்பே அமைத்து, த்ரோட்டில் பிடியைத் திருகி வைர வடிவப் புள்ளிகளுக்குள் அவனை அடக்கினால், முன்குறியைத் தானே கணித்துக் காட்டும். எல்லா இடத்திலும் சொல் இடறாமல் போகிறது. கோணத்தைத் துல்லியமாகச் சொல்ல வேண்டிய இடத்தில் 'முன்குறிக் கோணம்'.

இறக்கைத் துப்பாக்கிகளின் குண்டுகள் ஒன்றுசேரும் தொலைவான கன்வர்ஜென்ஸுக்கு 'குவிதூரம்' போதும், அதற்குத் தனி இழை வேண்டாம். பள்ளியில் படித்த குவியத் தொலைவோடு குழம்பாதா என்றால், குழம்பினாலும் நன்மையே. இரண்டு இறக்கைத் துப்பாக்கிகளின் குண்டுகளும் ஒளிக்கதிர் போலவே ஓரிடத்தில் சந்தித்து, அதைத் தாண்டியதும் விரிந்துவிடுகின்றன. பிரிட்டிஷ் விமானப்படை முதலில் 400 கஜத்தில் குவித்து வைத்திருந்தது. அதன் விமானி செய்லர் மலான் போன்றவர்கள் அதை 250 கஜத்துக்குக் கொண்டுவந்தார்கள். கிட்டே போய்ச் சுடு என்பதே அதன் பொருள். விளையாட்டிலும் 800 மீட்டரில் குவித்து வைத்துக்கொண்டு 200 மீட்டரில் சுடுகிறவனின் குண்டுகள் எதிரிக்கு இரண்டு பக்கமும் ஒழுங்காக அணிவகுத்துப் போகும்.

போகும் வழி தெரியும்படி எரிந்துகொண்டே பறக்கும் ட்ரேசர் குண்டுக்கு ஐயா தந்த 'சுவடுகுண்டு' எனக்குப் பிடித்திருக்கிறது, 'ஒளிர்குண்டு' என்பவர்கள் காரணத்தைச் சொல்லட்டும். தம்பி, 'முன்தூரம்' என்று எழுதிய பக்கங்களை மாற்றியதும் எனக்கு அனுப்பு. எம்கே 108 பகுதியின் எண்களை நான் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்.